மகள் பிரசவத்துக்கு வருகிறாள், பூனையை என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். போன மழைக்காலத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை என் மகன் தூக்கிவந்தான். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் கலந்த நிறம். ராஜா என்று பெயர் வைத்தோம். இப்போது ஏழு மாதம் இருக்கும். எங்கள் வீடு சைவம். பால்சாதம், தயிர்சாதம், சில நாள் இட்லி சாப்பிடுவான். வெளியே விடுவதில்லை என்பதால் தடுப்பூசி எதுவும் போடவில்லை. நாலு நாளாக ராத்திரியெல்லாம் கத்துகிறான், தரையில் புரள்கிறான், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வயிற்றுவலிதான் என்று மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தார், குறையவில்லை. பேரனுடைய காய்ச்சல் சிரப்பில் கால் ஸ்பூன் கொடுக்கலாமா? மெடிக்கல் ஷாப்பில் “கொஞ்சமா கொடுங்க, ஒண்ணும் ஆகாது” என்கிறார்கள். நாலு வயதுப் பேரனைப் போன வாரம் கையில் கீறிவிட்டான், லேசாக ரத்தம் வந்தது. அடுத்த மாதம் என் மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இரண்டு விஷயத்தை உங்களுக்குப் போனில் சொல்லச் சொல்லிவிட்டேன். சிரப் கொடுக்காதீர்கள், பேரனை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். அந்த இரண்டுக்கும் காரணம் என்ன என்பதை, இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

காய்ச்சல் சிரப் என்பது பாராசிட்டமால். நம் கல்லீரல் அதோடு இன்னொரு பொருளை ஒட்டவைத்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலில் இந்த ஒட்டுவேலை செய்யும் நொதி பேருக்குத்தான் இருக்கிறது. மருந்து வெளியேறாமல் நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும், ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். நீங்கள் சொன்ன கால் ஸ்பூனையே கணக்குப் போடுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால், கால் ஸ்பூனில் 60 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். உங்கள் பூனை இரண்டரைக் கிலோ இருந்தால் கிலோவுக்கு 25 மில்லிகிராம். 10 மில்லிகிராமிலேயே நஞ்சு ஏறிய பூனைகள் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பூனையை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் உப்பியிருந்தது, முன்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. முந்தின ராத்திரி அரை மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர் அதைத் தன் மடியிலேயே வளர்த்த பாட்டி. மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்தில் போக வேண்டும். அன்றைக்கு நேரம் கடந்துவிட்டது.

ஓமத்தண்ணீரையும் நிறுத்தச் சொல்லுங்கள். மாமியார் மேல் குற்றமில்லை, குழந்தைகளுக்கு அது கைகண்ட மருந்துதான். ஆனால் ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமால், பினால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. பூனைக்கு இல்லாத அதே நொதிதான் இதையும் கழிக்க வேண்டும். இந்த ஒரு நொதி விஷயத்தைப் புரிந்துகொண்டால், பூனை இருக்கும் வீட்டில் பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். தரை துடைக்கும் பினாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். பூனை ஈரத்தில் நடக்கும், ஓரமாக உட்கார்ந்து நாலு பாதத்தையும் நக்கிச் சுத்தம் செய்யும். நம் தரையை அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினியும் அப்படித்தான். அதில் குளிப்பாட்டிவிட்டு நாக்கு வெந்துபோய்த் தூக்கிவரும் பூனைகளை நான் பார்க்கிறேன். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், காய்ந்த பிறகு பூனையை உள்ளே விடுங்கள். பீரோவில் போடும் பாச்சை உருண்டை, கற்பூரம், தைல எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் அதன் நாக்குக்கு எட்டக் கூடாது. நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைத் தெள்ளுக்காகப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனை நடுங்கி வலிப்பு வந்து செத்துப்போகும்.

இனி பேரன். “வீட்டுப் பூனைதானே” என்று ஒரு வாரம் விட்டிருக்கிறீர்கள். ரேபிஸ் நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. பூனைக்கும் வரும். அது பாதத்தை நக்குவதால் எச்சில் நகத்தில் இருக்கும். உங்கள் பூனை வீட்டைத் தாண்டாததால் அதற்கு ரேபிஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற முடியாத நோயில், “வாய்ப்பு குறைவு” என்ற சொல்லை நம்பி நாலு வயதுக் குழந்தையை விட்டுவைக்க முடியாது. கீறியவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள், முதல் ஊசி போடும் நாள்தான் 0. ரத்தம் வந்த காயம் என்பதைச் சொல்லுங்கள். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். கீறல் நடந்த நாளிலிருந்து பத்து நாள் பூனை நன்றாக இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இந்தச் சமயத்தில் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

சரி, ராத்திரிக் கத்தலுக்கு வருவோம். கடிதம் முழுக்க அவன், அவன் என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு, செம்பட்டை, வெள்ளை மூன்றும் சேர்ந்த பூனை என்று படித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்பட்டையா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதனால் இரண்டு நிறத்தில் ஒன்றுதான் வரும். இரண்டும் ஒரே உடம்பில் வர எக்ஸ் இரண்டு வேண்டும், அது பெண்ணுக்குத்தான் இருக்கும். அபூர்வமாகக் கூடுதல் எக்ஸோடு பிறக்கும் ஆண் பூனை உண்டு, ஆனால் அது ராத்திரி முழுக்கப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கத்தாது.

உங்கள் ராஜா பெண். வயிற்றுவலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறாள். இடுப்பில் தடவிக் கொடுத்தால் வாலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு பின்காலால் மிதிப்பாள், பாருங்கள். ஒரு வாரம்போல இருந்து அடங்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளுக்கு இதிலிருந்து ஓய்வு உண்டு. நம் ஊரில் பகல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை, அதனால் கச்சேரியும் ஏறக்குறைய வருஷம் முழுக்க. இந்த நாட்களில் கதவிடுக்கு கிடைத்தால் போதும், ஓடிவிடுவாள். ஓடினால் ஒன்பது வாரத்தில் உங்கள் வீட்டில் இரண்டு பிரசவம்.

இந்தச் சத்தம் அடங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள், மகள் வருவதற்கு முன்னால் முடித்தால் நல்லது. “ஒரு தடவை குட்டி போட்ட பிறகு செய்யலாம், பாவம்” என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கத்தலை அடக்க ஹார்மோன் ஊசி போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வரும் பூனைகளின் பழைய சீட்டில் அந்த ஊசியின் பெயரை நான் அடிக்கடி பார்க்கிறேன். பல மாவட்டத் தலைநகரங்களில் கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேளுங்கள். அறுவைக்குப் பிறகு பத்து நாள் தையலை நக்காமல் கழுத்தில் கூம்புப்பட்டை போட்டிருக்க வேண்டும். முதல் நாள் அதை மாட்டியதும் நடக்கத் தெரியாததுபோலப் பின்னாலேயே போவாள். பயப்படாதீர்கள், மறுநாள் சரியாகிவிடும்.

இப்போது மகள். சொந்தக்காரர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பயம் பொய்யில்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக அது தொற்றினால் சிசுவின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். ஆனால் அது பூனையின் முடியிலோ மூச்சிலோ இல்லை, மலத்தில் இருக்கிறது. அதுவும் எப்போதும் இல்லை. எலி, பறவை, பச்சை மாமிசம் தின்று முதன்முறை தொற்றிய பூனை ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதன் முட்டைகளை வெளியேற்றும். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆயுளுக்கும் கிடையாது. வெளிவந்த முட்டையும் அன்றே தொற்றாது, பழுக்க ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யும் வீட்டில் அது பழுப்பதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடுகிறது. எலியைப் பார்க்காமல் மூன்றாவது மாடியில் தயிர்சாதம் தின்னும் உங்கள் பூனையைவிட, சரியாக அலசாத கீரைக்கட்டும் மாடித்தொட்டி மண்ணும்தான் உங்கள் மகளுக்குப் பெரிய ஆபத்து. தெருப்பூனைகள் போகும் மண்ணில் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மணல் தட்டை மகள் தொடவே கூடாது. அந்த வேலை உங்கள் கணவருடையது. கொண்டுபோய் விடலாம் என்று யோசனை சொன்னவர் தினமும் காலையில் கையுறை போட்டு அள்ளிக் கொட்டட்டும், நியாயம்தானே? கீரையை மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். தொட்டியில் மகள் கைவைப்பதானால் கையுறை வேண்டும். ஏற்கெனவே அவருக்கு இந்தத் தொற்று வந்துபோயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும், அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பூனையைத் தடவுவதும் மடியில் போட்டுக்கொள்வதும் தாராளமாக நடக்கட்டும், சாப்பிடும் முன் கை கழுவினால் போதும்.

கொண்டுபோய் விடுவது பற்றி ஒரே வரி. “மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்” என்பார்கள். ஆறு வார வயதிலிருந்து சோபாவில் தூங்கிய பூனைக்கு நாயைக் கண்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுகூடத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். தயிர்சாதத்தில் இத்தனை மாதம் எப்படி ஓட்டினீர்கள்? மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்கே தெரிந்திருக்கிறது, பூனை சைவமானால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று. பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். நாயைப்போல அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ள அதற்கு முடியாது, இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். சோற்றிலும் பருப்பிலும் துளியும் இல்லை, பாலில் இருப்பது போதாது. குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். 1987இல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதயம் தளர்ந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்தார்கள், இதயம் தேறியது. இழந்த பார்வை மட்டும் திரும்பாது. அதனால் டாக்டரிடம் போகும்போது கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மீன் சமைக்கச் சொல்லவில்லை. பூனைக்கென்றே பாக்கெட்டில் வரும் உணவில் டாரின் சேர்த்திருப்பார்கள். “முழுமையான உணவு” என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நாய் உணவு ஆகாது. பால்கனி ஓரத்தில் தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்துக்கொண்டால் அடுக்களைக்குள் அது வரவே வேண்டியதில்லை. இப்படி நடத்தும் சைவ வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளில் சாதத்தைக் குறைத்து இதைக் கூட்டுங்கள். “பசித்தால் தானே தின்னும்” என்று பட்டினி போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். பால் வளர்ந்த பூனை பலவற்றுக்கும் செரிக்காது, பேதியாகும். ஒரு ஸ்பூன் தயிர் ஆசைக்குக் கொடுத்தால் பரவாயில்லை. சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். உலர் உணவுக்கு மாறியதும் தண்ணீர் அதிகம் தேவை. ஒரு கிண்ணத்துக்குப் பதிலாக வீட்டில் மூன்று இடத்தில் வையுங்கள்.

வளைகாப்பு வீடு என்பதால் இன்னொன்று. பூக்கட்டும் நூல். பூனையின் நாக்கை உங்கள் விரலில் உணர்ந்திருப்பீர்கள், அரம் மாதிரி இருக்கும். அந்த முட்களெல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. வாயில் போன நூலைத் துப்ப அதற்குத் தெரியாது, உள்ளேதான் போகும். மூன்று நாளாக வாந்தி என்று ஒருமுறை ஒரு குட்டி வந்தது. வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கினேன். நாக்கின் அடியில் ஒரு நூல் சுற்றிச் சதைக்குள் பதிந்திருந்தது. மறுமுனை குடலில். வயிற்றைத் திறந்தால், சுருக்குப் பையின் கயிற்றை இழுத்ததுபோலக் குடல் முழுக்க அந்த நூலில் கொசுவிக்கொண்டு கிடந்தது. அது பிழைத்தது. வீட்டுக்காரர் அந்த நூலை வெளியிலிருந்து இழுத்துப் பார்க்காததால்தான் பிழைத்தது. வாயிலோ மலத்துவாரத்திலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். பூக்கட்டி முடித்ததும் நூல்கண்டு டப்பாவுக்குள் போக வேண்டும். ஊசிநூல், ரப்பர் பேண்ட், தோரணத்தின் ஜிகினா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விசேஷத்துக்கு வரும் பூங்கொத்தில் லில்லிப் பூ இருந்தால் வாசலோடு நிறுத்திவிடுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும்.

பால்கனிக்குப் புறா வலை போட்டாயிற்றா? எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று விட்டுவிடாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஒரு ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. இதைப் படித்துத்தான் பலருக்கு அசட்டுத் தைரியம். தரையிலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவில்லை, பிழைத்தவற்றிலும் மார்பு அடிபட்டதும் பல் உடைந்ததும் கால் முறிந்ததும் ஏராளம்.

வெளியே விடாத பூனைக்குத் தடுப்பூசி எதற்கு என்றால், அது வெளியே போகாவிட்டாலும் உங்கள் செருப்பு போய்வருகிறது. பூனைகளை வயிற்றுப்போக்கில் கொல்லும் பான்லூகோபீனியா வைரஸ் செருப்போடு வந்துவிடும். மூன்று நோய்க்குச் சேர்ந்த ஊசி இப்போது ஒன்று, மூன்று நாலு வாரத்தில் இன்னொன்று. ரேபிஸ் ஊசி தனியாக. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைபார்த்துக் கொடுப்பார்கள்.

பேத்தியோ பேரனோ வந்த பிறகு தூளியை மட்டும் கவனியுங்கள். சேலைத் தூளியைப்போல இதமான இடம் பூனைக்கு வேறில்லை, காலியாகக் கிடந்தால் ஏறிப் படுத்துவிடும். குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். இப்போதிருந்தே அந்த அறைக்குள் விடாமல் பழக்கினால், குழந்தை வந்ததால் துரத்திவிட்டார்கள் என்று அதற்குத் தோன்றாது.

பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். ராஜாத்தி என்று கூப்பிட்டாலும் முதல் இரண்டு எழுத்துக்கே திரும்பிப் பார்ப்பாள். ஊசிச் சீட்டில் மட்டும் பெண் என்று எழுதச் சொல்லுங்கள்.